நெற்றியோரத்துப் பூனைமுடி



மணிமுத்தாறு அருவியில் பெண்கள் குளிக்கும் பக்கம் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்து பாருங்கள். வகிட்டை மாற்றி எடுத்தது, முன்னால் கொஞ்சம் இழுத்துவிட்டது, கிளிப் குத்தி மறைத்தது எல்லாம் தண்ணீர் விழுந்ததும் கலைந்து, முடி மண்டையோடு ஒட்டிக்கொள்ளும். அப்போதுதான் தெரியும், இரண்டு பேருக்கு ஒரே மாதிரி நெற்றி கிடையாது. ஒருத்திக்கு நடுவில் முடி கூராக இறங்கியிருக்கும். இன்னொருத்திக்கு அந்தக் கூர் ஒரு பக்கமாகத் தள்ளி நிற்கும். அம்மாவுக்கு வளைந்த நெற்றி, கூட வந்த மகளுக்கோ இரண்டு பக்கமும் லேசான மேடு. சிலருக்கு முன்நெற்றியிலேயே ஒரு சுழி இருக்கும். எப்படிச் சீவினாலும் அந்த இடத்து முடி தன் இஷ்டத்துக்குத்தான் படுக்கும். வயது, நிறம், ஊர் எதுவாக இருந்தாலும், ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி ஒரு நெற்றிகூட இருக்காது.

இந்த மாதம் நெற்றியைப் பற்றி எழுத வைத்தவர் மணிமுத்தாறு வாசகி ஒருவர். இரண்டு பிள்ளைகளின் தாய். “அக்கா, நெத்தி ஏறிக்கிட்டே போவுது. பவுடர் போடும்போது எங்க நிறுத்தணும்னே தெரியல” என்று கடிதத்தில் சிரிக்கச் சிரிக்கத்தான் ஆரம்பித்திருந்தார். விளம்பரம் பார்த்து, முடி நடும் ஓரிடத்துக்குப் போயிருக்கிறார். அரை மணி நேரத்தில் நெற்றியில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டு, போனில் படம் எடுத்துக் காட்டி, இரண்டாயிரம் கிராஃப்ட் ஆகும், இன்றே முன்பணம் கட்டினால் தள்ளுபடி என்று சொல்லியிருக்கிறார்கள். வீட்டிலோ, “வயசாச்சுல்லா, இனி யாரு பாக்கப் போறா?” அவர் என்னிடம் கேட்டவை இரண்டு. இப்படி ஆசைப்படுவது தப்பா? நட்டால் விக் வைத்த மாதிரி தெரியுமா?

முதல் கேள்விக்குப் பதில் சொல்ல வேலூர் வரை போக வேண்டும். கொல்லிமலையில் 1914-இல் பிறந்த பால் பிராண்ட், 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு அறுவை மருத்துவராக வந்தார். தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை நிமிர்த்தியவர் என்றுதான் அவரை நாம் அறிவோம். விரல் நிமிர்ந்து, நோயும் குணமாகி ஊருக்குப் போனவர்களுக்கு வேலை கிடைக்கவில்லை. காரணம் புருவம். அந்த நோய் புருவ முடியை உதிர்த்துவிடும். புருவம் இல்லாத முகத்தைப் பார்த்ததும் ஊர் ஒதுங்கிக்கொள்ளும். பிராண்டும் அவருடைய குழுவினரும் காதுக்கு மேலிருந்து முடியோடு ஒரு சிறு தோல் துண்டை, அதற்கு ரத்தம் கொண்டுவரும் குழாய் அறுந்துவிடாமல் எடுத்து, நெற்றித் தோலுக்கு அடியில் நுழைத்துப் புருவம் இருந்த இடத்தில் பொருத்தினார்கள். தலைமுடி புருவத்துக்கு வந்தாலும் தலைமுடியாகவே வளர்ந்தது. அவ்வப்போது கத்தரித்துக்கொள்ள வேண்டும். சிலர் கத்தரிக்க மனம் வராமல் கண்ணை மறைக்கும் அளவுக்குப் பெருமையாக வளர்த்துக்கொண்டார்களாம்.

ஐந்து விரலையும் மீட்டுக் கொடுத்த மருத்துவரே, அது போதாது, முகத்தில் நாலு முடியும் வேண்டும் என்று உணர்ந்திருக்கிறார். அப்புறம் மணிமுத்தாறுக்காரிக்கு மட்டும் அது வெறும் பகட்டு என்று சொல்ல நமக்கு என்ன தகுதி இருக்கிறது? ஆசைப்படுங்கள் தோழி. யாரிடம் போகிறோம், எதை நடச் சொல்கிறோம் என்பதில்தான் கவனம் வேண்டும்.

இரண்டாவது கேள்வி பெரியது. விக் மாதிரி தெரியுமோ என்ற பயம் காரணமில்லாமல் வந்ததல்ல. முடியை இடம் மாற்றி நடும் வேலையை 1939-இல் ஜப்பானின் ஷோஜி ஒகுடா எழுதிவைத்தார். தழும்பு விழுந்து முடி போன இடங்களில் சிறு சிறு வட்டத் துண்டுகளாக அவர் நட்டார். 1943-இல் அதே நாட்டின் ஹாஜிமே தமுரா, பெண்களுக்கு ஒற்றை முடியாகவே நட்டு, துண்டு சிறியதாக இருந்தால்தான் இயற்கையாகத் தெரிகிறது என்று பதிவு செய்தார். போர்க்காலம், அவர்கள் எழுதியது வெளியுலகத்துக்கு எட்டவில்லை. நியூயார்க்கில் நார்மன் ஓரென்ட்ரைக் 1952-இல் ஆண்களின் வழுக்கைக்கு நடத் தொடங்கி 1959-இல் கட்டுரை வெளியிட்ட பிறகுதான் இது உலகம் முழுக்கப் பரவியது. பிடரியிலிருந்து எடுத்த முடி முன்நெற்றிக்கு வந்தாலும் பிடரி முடியின் ஆயுளோடேயே வளரும் என்பது அவர் காட்டிய உண்மை. வேலூர்ப் புருவம் சொன்னதும் அதைத்தான். ஆனால் அவர் நட்ட துண்டு 4 மில்லிமீட்டர் அகலம். ஒவ்வொன்றிலும் பத்துக்கு மேல் முடி. கொத்துக் கொத்தாக முடியும் நடுநடுவே வெறும் தோலுமாகத் தெரிந்தது. அந்தப் பழைய நெற்றிகளைப் பார்த்துத்தான் நமக்கு இன்னும் பயம் போகவில்லை. தமுரா கண்டது மேற்கில் மறுபடி கண்டுபிடிக்கப்பட நாற்பது ஆண்டுக்கு மேல் ஆனது. முடி தோலிலிருந்து ஒன்று, இரண்டு, மூன்று, அபூர்வமாக நான்கு என்று சிறு கூட்டமாகத்தான் முளைக்கிறது என்று 1984-இல் ஹெடிங்டன் விவரித்தார். அந்தக் கூட்டங்களை மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்துச் சிதையாமல் பிரிக்கும் முறையை பாபி லிம்மர் 1988 முதல் கையாண்டார். இன்று ‘கிராஃப்ட்’ என்று எண்ணி விலை சொல்வது இந்தக் கூட்டம் ஒவ்வொன்றையும்தான்.

சரி, இயற்கையான நெற்றியோரம் எப்படி இருக்கும்? காலை வெளிச்சத்தில் ஜன்னலோரம் ஒரு கைக்கண்ணாடியோடு உட்கார்ந்து, முன்முடியைப் பின்னுக்கு இழுத்துப் பிடித்துக்கொண்டு பாருங்கள். முதலில் கண்ணில் படுவது பூனைமுடி. நிறமே இல்லாமல், குட்டையாக, தோலின் மேல் தூசி போலப் படிந்திருக்கும். அதற்குப் பின்னால் அரை முதல் ஒரு சென்டிமீட்டர் அகலத்தில் ஓர் இடைப்பகுதி. அங்கே எல்லாம் ஒற்றை முடிகள், அதுவும் சன்னமானவை. ஒன்று முன்னே வந்து நிற்கும், பக்கத்தில் இருப்பது பின்வாங்கியிருக்கும், நடுவில் காலி இடம். அதையும் தாண்டினால் இரண்டிரண்டாக, மூன்று மூன்றாக அடர்ந்த கூந்தல். ஆக, நெற்றி எங்கே முடிந்து முடி எங்கே தொடங்குகிறது என்று ஒரு புள்ளியில் விரல் வைத்துச் சொல்ல முடியாது. பவுடர் எங்கே நிறுத்துவது என்ற வாசகியின் குழப்பம் ஓரளவு நல்ல நெற்றிக்கும் உள்ளதுதான்!

மணிமுத்தாறு பாசனத்தில் ஒற்றை நாற்று நடவு பார்த்திருப்பீர்கள். கயிறு பிடித்து, கால் மீட்டருக்குக் கொஞ்சம் குறைவான இடைவெளியில், நேர்வரிசையில் நட்டால்தான் களையெடுக்கும் வீடர் ஓட்ட முடியும், தூர் கட்டும். முடி நடுவதில் அந்தக் கயிற்றைத்தான் முதலில் தூக்கிப் போட வேண்டும். வரிசை தெரிந்தால் வேலை கெட்டது. கை தேர்ந்த டாக்டர் வேண்டுமென்றே கோணலாக நடுவார். முன் ஓரத்தில் ஒற்றை முடி மட்டும். அதிலும் பிடரியின் கீழ்ப்பகுதி, காதுக்குப் பின்புறம் ஆகிய இடங்களில் கிடைக்கும் மெல்லிய முடியாகப் பொறுக்கி எடுத்து. நம் ஊர்ப் பெண்களின் கூந்தல் கறுப்பு, முடியும் கனம். அதில் தடித்த மூன்று முடிக் கூட்டம் ஒன்றை முன்வரிசையில் வைத்தால் எதிர் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவருக்கே தெரிந்துவிடும்.

சாய்வு இன்னும் நுட்பமான விஷயம். நெற்றியோரத்து முடி தோலிலிருந்து 15, 20 பாகை கோணத்தில், ஏறக்குறையப் படுத்தபடிதான் வெளியே வரும். நடுவில் முன்னோக்கி, பக்கவாட்டில் போகப் போகத் திரும்பி, கன்னப்பொறியில் காதை நோக்கிக் கீழே இறங்கும். இதை மாற்றிக் குத்தலாக நட்டுவிட்டால், எத்தனை எண்ணெய் வைத்துச் சீவினாலும் முடி எழுந்து நிற்கும். முன்நெற்றியில் சுழி உள்ளவருக்கு அந்தச் சுழியையே பின்பற்றி நட வேண்டும். புது முடி ஒரு திசை, பழைய முடி ஒரு திசை என்று ஆகிவிடக்கூடாது. டாக்டர் ஊசிமுனையால் போடும் ஒவ்வொரு துளையும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. அந்தத் துளையின் சாய்வுதான் ஆயுளுக்கும் அந்த முடியின் சாய்வு. முடியை எடுப்பது, பிரிப்பது, வைப்பது என்று உதவியாளர்கள் செய்யும் வேலை நிறைய உண்டு. ஓரத்தை வரைவதையும் துளை போடுவதையும் டாக்டரே செய்கிறாரா என்பதை மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஓரம் வரைவதை அவசரப்படுத்துகிற இடத்தில் உட்காராதீர்கள். படுக்க வைத்து வரையக் கூடாது. நேராக உட்கார வைத்து, கண்ணாடி முன், புருவத்தை உயர்த்தச் சொல்லி, நெற்றித் தசை எதுவரை மடிகிறது என்று பார்த்து வரைவார்கள். இரு புருவ நடுவிலிருந்து முடி தொடங்கும் இடம் வரை பெண்களுக்குப் பெரும்பாலும் 5 முதல் 6.5 சென்டிமீட்டர் இருக்கும். ஆண்களுக்கு அதைவிட உயரம், இரண்டு பக்கமும் உள்வாங்கிய மூலைகளும் உண்டு. பெண்களுக்கு அந்த மூலை உருண்டு, கன்னப்பொறி முடியோடு போய்ச் சேரும். ஆண்களுக்கே நட்டுப் பழகிய கை, பெண்ணின் நடுநெற்றியை மட்டும் இறக்கிவிட்டு மூலைகளை அப்படியே விட்டுவிடுவதுண்டு. நெற்றி சிறுத்திருக்கும், முகம் மட்டும் வேறு யாருடையதோ போல இருக்கும்.

நடிகையின் படத்தை எடுத்துக்கொண்டு போகாதீர்கள். உங்கள் பத்தாம் வகுப்பு ஹால் டிக்கெட் போட்டோ இருக்கிறதா, அதை எடுத்துப் போங்கள். அம்மாவின் பழைய கல்யாண ஆல்பம் இன்னும் நல்லது. உங்கள் நெற்றிக்கான அச்சு அங்கேதான் இருக்கிறது. ரொம்பக் கீழே இறக்கச் சொல்லாதீர்கள். குறைவாக நட்டால் பின்னால் சேர்த்துக்கொள்ளலாம். கூடுதலாக இறக்கியதை எடுப்பது பெரும்பாடு, தழும்பும் விழும்.

கணக்கும் கொஞ்சம் பார்த்துவிடுவோம். இயற்கையில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 70, 80 மயிர்க்கால் கூட்டங்கள் இருக்கும். நடும்போது 30 முதல் 40 வைத்தால் பார்வைக்கு நிறைவாக இருக்கும். நெற்றியில் 14 சென்டிமீட்டர் நீள வளைவை ஒன்றரை சென்டிமீட்டர் இறக்க வேண்டும் என்று வையுங்கள்: 21 சதுர சென்டிமீட்டர், 35 வீதம் 735 கிராஃப்ட். பக்க மூலைகளையும் சேர்த்தால் ஆயிரத்தைத் தாண்டும். சிலருக்கு இரண்டாயிரமும் ஆகலாம்தான். ஆனால் எந்த இடத்துக்கு எத்தனை என்று சொல்லாமல் மொத்தமாக இரண்டாயிரம் என்றால் கேள்வி கேளுங்கள். கிராஃப்டுக்கு இவ்வளவு ரூபாய் என்று விலை வைத்துவிட்ட தொழிலில், எண்ணிக்கை ஏறுவதில் யாருக்கு லாபம் என்று சொல்லத் தேவையில்லை. பிடரி முடி அள்ள அள்ளக் குறையாத சுரங்கமும் இல்லை. எடுத்த இடத்தில் மறுபடி முளைக்காது.

இவ்வளவு சொல்லிவிட்டேன்; இனி சொல்லப்போவது இதைவிட முக்கியம். முடி ஏன் போனது என்று தெரியாமல் நடக் கூடாது.

கிரீன்லாந்துப் பெண்களுக்கு நெற்றியோரத்தில் முடி கொட்டுவதை 1907-இல் ட்ரெபிட்ச் என்ற மருத்துவர் எழுதினார். உச்சியில் இறுக்கிக் கட்டிய கொண்டைதான் காரணம். பனிநாட்டுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்றால், நம் பள்ளிக்கூட வாசலைப் பாருங்கள். இரட்டைச் சடை, மடித்துக் கட்டிய ரிப்பன், ஒரு முடி கலையக் கூடாது. தளர்ந்திருந்தால் டீச்சர் நிறுத்திவைப்பார் என்று அம்மாமார் காலையில் பிள்ளையின் கண் மேலேறும்படி இழுத்துப் பின்னுகிறார்கள். அந்தப் பிள்ளை வளர்ந்து போலீஸில் சேர்ந்தால் தொப்பிக்குள் இறுக்கிய கொண்டை. பரதம் ஆடினால் நெற்றிச்சுட்டி, சவுரி, அதன் மேல் பூ, எல்லா எடையும் தொங்குவது முன்முடியில். இலங்கை மலையகத்தில் தேயிலைக் கூடையின் கயிற்றைத் தலையில் மாட்டிச் சுமந்த நம் பெண்களை நினைத்துப் பாருங்கள். இழுவை வருஷக்கணக்கில் தொடர்ந்தால் மயிர்க்கால் தழும்பாகி மூடிவிடும். ஆரம்பத்திலேயே இழுவையை விட்டால் தானாகவே திரும்பி வரும், நடவே வேண்டாம். ரொம்ப நாள் ஆகிவிட்டவர்களுக்கு நடுவது நல்ல பலன் தரும். நட்ட பிறகும் அதே இறுக்கத்தில் சடை பின்னினால் காசு வீண். அம்மாமாரே, நாளைக் காலையிலிருந்தே சடையை ஒரு பிடி தளர்த்திப் பின்னுங்கள். தலைமையாசிரியர்கள் இந்தப் பக்கத்தைப் படித்தால், தளர்ந்த சடைக்காகப் பிள்ளையை வாசலில் நிறுத்தாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இன்னொரு வகை, வகிடு. நெற்றிக் குங்குமத்தை வகிட்டிலும் வைக்கும் பெண்களுக்கு இது சீக்கிரம் பிடிபடும். வருஷத்துக்கு வருஷம் குங்குமம் பிடிக்கும் இடம் அகலமாகிக்கொண்டே போகும். பெண்களின் முடி இழப்பை மூன்று படிகளாக 1977-இல் லுட்விக் பிரித்தபோது, பெரும்பாலும் நெற்றியோரம் அப்படியே இருக்க, அதற்குப் பின்னால்தான் உச்சி மெலிகிறது என்று காட்டினார். நெத்தி ஏறிவிட்டது என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களில் பலருக்கு உண்மையில் ஏறியிருப்பது நெற்றி அல்ல. பின்னால் மெலிந்ததால் முன்னால் வெறிச்சென்று தெரிகிறது. இவர்களுக்கு முதலில் மருந்து. மினாக்ஸிடில் போன்றவற்றை டாக்டர் சொல்லும் அளவில், சொல்லும் காலம் வரை போட வேண்டும். கர்ப்பிணிகளும் பால் கொடுப்பவர்களும் கேட்காமல் தொடக் கூடாது. சிலருக்குப் பிடரி முடியும் சேர்ந்தே மெலிந்துகொண்டிருக்கும். அங்கிருந்து எடுத்து முன்னால் நட்டால் அதுவும் மெலியத்தான் செய்யும். அப்படிப்பட்டவரிடம் “உங்களுக்கு நட முடியாது” என்று சொல்லும் டாக்டர் கிடைத்தால் அவரை விடாதீர்கள்.

பிரசவம், டெங்கு, சிக்குன்குனியா, டைபாய்டு, பட்டினி டயட், பெரிய துக்கம் இவற்றுக்கு இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொத்தாகக் கொட்டுவது வேறு கதை. தலை வாரும்போது கை நிறைய வரும், பயமாகத்தான் இருக்கும். பெரும்பாலும் சில மாதங்களில் திரும்பி வந்துவிடும். ரத்தசோகை, தைராய்டு, சினைப்பை நீர்க்கட்டி ஆகியவற்றுக்கான பரிசோதனைகளை முதலில் முடித்துவிடுங்கள். பாளையங்கோட்டை ஐகிரவுண்ட் ஆஸ்பத்திரியின் தோல் பிரிவிலேயே காட்டலாம். அங்கே யாரும் உங்களிடம் முன்பணம் கேட்கப் போவதில்லை.

நாற்பது, ஐம்பது வயதைத் தாண்டிய தோழிகள் இந்தப் பத்தியைத் தவறவிடாதீர்கள். ஆஸ்திரேலியாவில் ஸ்டீவன் கோசார்ட் என்ற தோல் மருத்துவர், மாதவிடாய் நின்ற ஆறு பெண்களிடம் ஒரே விதமாக நெற்றியோரம் பின்வாங்கியதை 1994-இல் விவரித்தார். வலியில்லாமல், நாடா அகலத்துக்கு, வெளிறிய வழவழப்பான தோலை விட்டுவிட்டு முடி பின்னே போகும். புருவமும் மெலியும். உள்ளே மயிர்க்காலைச் சுற்றி அழற்சி, முடிவில் தழும்பு. இதை இறுக்கிய சடையால் வந்ததிலிருந்து பிரித்துப் பார்க்க ஒரு வழி, நான் மேலே சொன்ன பூனைமுடிதான். சடை இழுத்துப் போன நெற்றியில் ஓரத்துச் சன்ன முடிகள் ஒரு வேலிபோல மிச்சமிருக்கும், இழுபடும் நீளம் அவற்றுக்கு இல்லாததால். இந்த நோயில் முதலில் போவதே அவைதான். பழைய எல்லையில் ஒன்றிரண்டு தடித்த முடி மட்டும் தனியாக நிற்கும். டாக்டர் கையில் ஒரு லென்ஸ் இருந்தால் இது தெரிந்துவிடும், சந்தேகம் இருந்தால் ஒரு பருக்கை அளவு தோல் எடுத்துச் சோதிப்பார்கள். நோய் அடங்காமல் நட்டால் நட்டதையும் அது தின்றுவிடும். அடங்கிவிட்டது என்று நம்பி நட்டவர்களுக்கும் சில வருஷத்தில் மறுபடி உதிர்ந்திருக்கிறது. மார்க்கர் பேனா எடுப்பதற்கு முன் லென்ஸ் எடுத்தார்களா என்று நம் வாசகியிடம் கேட்டேன். இல்லையாம்.

திருநங்கை வாசகியர் சிலரும் இதே பொருளைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். தமிழ்நாட்டில் 2008-இல் அவர்களுக்கென நல வாரியம் வந்தது; அரசு மருத்துவமனைகளில் பாலின மாற்று அறுவை சிகிச்சையும் நடக்கிறது. ஆனால் காலையில் கண்ணாடி பார்க்கும்போது உறுத்துவது பல சமயம் நெற்றியின் இரண்டு மூலைகள்தான். அந்த மூலைகளை நிரப்பி உருட்டுவதுதான் இவர்களுக்கான நடவில் பெரும் பகுதி. ஹார்மோன் சிகிச்சையிலேயே சிலருக்கு மெலிந்த முடி ஓரளவு தேறுவதால், கொஞ்ச காலம் பொறுத்துப் பார்த்துவிட்டு வரையலாம் என்று டாக்டர்கள் சொல்வார்கள்.

யாரிடம் போவது? சென்னையில் 2016-இல் ஒரு மருத்துவக் கல்லூரி மாணவரே முடி நட்டுக்கொள்ளப் போன இடத்தில் உடல்நிலை மோசமாகி, பின்னர் இறந்துபோனார். தோலை மரத்துப்போக வைக்கும் ஊசிதானே என்று அலட்சியமாக இருக்க முடியாது. அளவு மீறினால் அதுவே ஆபத்து. தேசிய மருத்துவ ஆணையம் 2022 செப்டம்பரில் வழிகாட்டு நெறிகள் வெளியிட்டு, யூடியூப் பார்த்தும் பயிலரங்கில் உட்கார்ந்தும் கற்றுக்கொண்டு இதைச் செய்யக் கூடாது என்று சொல்லியது. தோல் மருத்துவத்தில் எம்.டி.யோ பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சிஎச்.சோ படித்து, இதில் முறையான பயிற்சியும் பெற்றவரா என்று கேளுங்கள். அவசரம் வந்தால் சமாளிக்க ஆக்சிஜனும் ஆளும் அங்கே இருக்கிறதா என்று பாருங்கள். கேட்டால் முகம் சுளிக்கிற இடம் நமக்கு வேண்டாம். அவர் முன்பு பெண்களுக்கு நட்ட படங்களைக் கேளுங்கள். அதிலும் முடியைப் பின்னுக்கு இழுத்து, நனைத்து, பளிச்சென்ற வெளிச்சத்தில் எடுத்த படமாக. முன்னால் சுருள் விட்டு எடுத்த படம் எதையும் சொல்லாது.

மொட்டை போட வேண்டியிருக்குமோ என்ற பயம் பலருக்கு உண்டு. பெண்களுக்கு அது தேவைப்படாது. பிடரியில் ஒரு மெல்லிய பட்டையாகத் தோலை எடுத்துத் தைத்துவிட்டு அதிலிருந்து முடிக் கூட்டங்களைப் பிரிப்பது ஒரு முறை. தழும்பு ஒரு கோடாக இருக்கும், கூந்தல் மூடிக்கொள்ளும். ஒவ்வொன்றாகத் தோண்டி எடுப்பது இன்னொரு முறை. அதற்கும் கொண்டைக்கு அடியில் மறையும்படி ஒரு சிறு சதுரம் மட்டும் மழித்தால் போதும். நாள் முழுக்க உட்கார வேண்டியிருக்கும், விழித்தபடியேதான். மூன்றாம் நாள் வாக்கில் நெற்றி வீங்கி அந்த வீக்கம் கண்ணுக்கு இறங்கும். தெரியாதவர்கள் பார்த்தால் பதறிப்போவார்கள். பொருக்குகள் ஒரு வாரம், பத்து நாளில் உதிரும்.

அதன் பிறகு வருவதைத்தான் யாரும் சரியாகச் சொல்லி அனுப்புவதில்லை. நட்ட முடி இரண்டு வாரத்திலிருந்து ஆறு வாரத்துக்குள் பெரும்பாலும் கொட்டிவிடும். பக்கத்தில் இருந்த பழைய முடியும் அதிர்ச்சியில் கொஞ்சம் கொட்டும். பெண்களிடம் இது கூடுதல். ஏமாந்துவிட்டோம் என்று அழுகிற காலம் அது. வேர் உள்ளேதான் இருக்கும். மூன்றாம் நான்காம் மாதத்தில் சன்னமாகத் தலைகாட்டி, மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளர்ந்து, ஒரு வருஷம் ஆகும்போதுதான் நெற்றி நெற்றியாகத் தெரியும். அதனால் கல்யாணப் பெண்களே, தையில் முகூர்த்தம் வைத்துக்கொண்டு கார்த்திகையில் போய் உட்காராதீர்கள். பந்தக்கால் நடும் நேரத்தில் உங்கள் நெற்றி முன்னைவிட வெறிச்சென்று இருக்கும். போவதென்றால் அதற்கு முந்தைய தையிலேயே போங்கள். ஜாதகம் இன்னும் கைக்கு வரவில்லை என்றாலும் பரவாயில்லை.

அன்புடன்,
ஆசிரியர்